பகல் ஓய்வு

இந்த மனுஷன் வருவாரா மாட்டாரா? தேன்மொழி அந்த அகலக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இதையே மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலா அது, கல்யாண மேடை! நாலு பேர் காலை நீட்டிப் படுத்து நடுவில் ஒரு குழந்தையையும் கிடத்தலாம். தலைமாட்டில் விமானம் ஓட்டுகிறவனுக்கு இருப்பதுபோல் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் விளக்கு ஊதாவாகிறது, இன்னொன்றை அமுக்கினால் எங்கிருந்தோ அலைச் சத்தம் வருகிறது, மூன்றாவதை அமுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தோக்கியோவில் மத்தியான வெயில் வெளியே காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே ராத்திரியா பகலா என்றே தெரியவில்லை. ஜோடிகள் மணிக்கணக்குக்கு அறை எடுக்கிற ஓட்டல் இது. வாசல் பலகையில் ஓய்வுக்கு ஒரு விலை, தங்குவதற்கு ஒரு விலை. ஓய்வாம்! என்ன நாசூக்கான வார்த்தை. அவளுக்கும் குமரவேலுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது, பதின்மூன்று வயதில் யாழினி இருக்கிறாள், முறைப்படி பந்தக்கால் நட்டு ஐந்நூறு பேருக்கு இலை போட்டுக் கட்டின தாலி கழுத்தில் கிடக்கிறது. அப்படியும் சொந்தப் புருஷனைப் பார்க்கச் சாப்பாட்டுக் கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. அவனுக்கும் இன்று ஆபீஸில் அரை நாள் லீவு. நேற்றுத் துணி உலர்த்துகிற பால்கனியில் வைத்து அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "நாளைக்கு நீங்க வரலைன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேங்க. எனக்குப் புருஷன் வேணும், வீட்டுக்கு வாடகை கட்டறவர் போதாது." அவன் மென்று முழுங்கி, "வர்றேன் வர்றேன், மெதுவாப் பேசு, அம்மா காதுல விழுந்துடும்" என்றான். அம்மா காதில் விழுந்துவிடும். அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அதுதானே.

அத்தையைக் குறை சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லை. மாமனார் போன பிறகு விருதுநகர் வீட்டில் அந்த அம்மாள் தனியாகக் கிடந்து தவித்ததும், குமரவேல் போய்க் கூட்டிவந்ததும், எதற்கெல்லாமோ அலைந்து விசா வாங்கினதும் எல்லாம் அவள் சம்மதத்தோடுதான் நடந்தது. பாஷை தெரியாத ஊர், கீழே இறங்கினால் திரும்பி வர வழி தெரியாது, பாவம். முதல் மாசம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் யாழினி பெரியவளானாள். அத்தை புட்டும் உளுந்தங்களியும் கிண்டிப் போட்டாள், பேத்திக்குத் திருஷ்டி கழித்தாள், அன்றைக்கே வீட்டுப் படுக்கையையும் மாற்றி அமைத்தாள். பொம்பளைகள் மூன்று பேரும் பாய் பதித்த அறையில், குமரவேல் மட்டும் கம்ப்யூட்டர் மேஜை இருக்கிற சின்ன அறையில். இரண்டே அறை, நடுவில் ஒரு ஹால், கதவுகளோ இழுத்துச் சாத்துகிற காகிதக் கதவுகள், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் போர்வை விலகும். "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிற வீட்ல புருஷன் பொண்டாட்டி கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கிறது நல்லாவா இருக்கு?" என்று அத்தை கேட்டாள். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணைப் பெத்தாச்சு, வளத்தாச்சு, இனிமே என்னத்துக்கு?" என்னத்துக்கு! தேன்மொழிக்கு அப்போது கையில் கரண்டி இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் குழம்பை ஒரு கிண்டு கிண்டினாள். குமரவேல் அப்போது ஏதாவது சொல்லியிருந்தால் போதும், ஒரு வார்த்தை. அவன் காப்பியை ஊதிக்கொண்டே, "அம்மா சொல்றதும் சரிதானே தேனு, கொஞ்ச நாளைக்கு" என்றான். கொஞ்ச நாள் ஒன்றரை வருஷமாகிவிட்டது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் எதிர் அறையில் அவன் குறட்டை கேட்கும், ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். வாடகை வீட்டில் பக்கத்துப் போர்ஷன் ஆளின் குறட்டையைக் கேட்கிற மாதிரி.

இந்த இடத்தைச் சொன்னது சாப்பாட்டுக் கடையில் கூட வேலை செய்கிற சகுராய். அறுபது தாண்டின பொம்பளை, சோற்றை டப்பாவில் அமுக்கி அடைத்துக்கொண்டே எதையும் பேசிவிடுவாள். வீட்டில் மாமியார், மகள், காகிதக் கதவு என்று தேன்மொழி உடைந்த ஜப்பானியத்தில் புலம்பினபோது சகுராய் சிரித்தாள், எங்கள் காலத்தில் நாங்களும் அப்படித்தான், ஒரே அறையில் மாமனார் மாமியார் பிள்ளைகள், நானும் என் வீட்டுக்காரரும் தெருக்கோடியில் இருக்கிற பொதுக் குளியலறைக்குக் குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இந்த மாதிரி இடத்துக்குத்தான் ஓடுவோம், இதெல்லாம் கள்ளத்தனத்துக்கு மட்டும் கட்டினதென்றா நினைத்தாய் என்று சொல்லி டப்பாவை மூடினாள். தேன்மொழிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து குமரவேலிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. முதல் தடவை வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அந்த மனுஷன் தோளில் ஆபீஸ் பை, பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பைல், பைலுக்குள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ், அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, இரண்டு பேர் பாஸ்போர்ட் நகல், போதாததற்கு மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் நிற்கிற கல்யாணப் போட்டோ! அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு லாட்ஜில், ரெண்டு பேருக்கும் என்ன உறவு என்று கேட்டு, அவள் கழுத்தையும் அவன் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான் அந்த மேனேஜர். அந்தப் பயம் ஆளை விட்டுப் போகவேயில்லை. இங்கே வரவேற்பில் ஆளே கிடையாது. பால்கண்ணாடித் தடுப்பு, கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, அவ்வளவுதான், யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்பதுதான் இந்த வியாபாரமே. இவன் குனிந்து அந்தச் சந்துக்குள் பைலைத் தள்ளினான். உள்ளே காகிதம் புரளுகிற சத்தம். அப்புறம் சுருக்கம் விழுந்த ஒரு பொம்பளைக் கை பைலை அப்படியே மெதுவாக வெளியே தள்ளியது, மேலே கல்யாணப் போட்டோவை மட்டும் நேராக்கி வைத்து. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதினாறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றைக்கு அவன் எப்படி இருந்தான்! வாய் ஓயாமல் பேசினான், அவள் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான், கடையில் நின்று நின்று வீங்கின கால். அந்த ஆள் எங்கே போய் ஒளிந்துகொள்கிறான், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதா?

போனைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்றைக்கு முதல் தடவையாக அவள் தனியாக வந்து அறை எடுத்திருக்கிறாள். கீழே சுவர் முழுக்க அறைகளின் படங்கள், விளக்கு எரிந்தால் காலி, அணைந்திருந்தால் ஆள் இருக்கிறது. புதன்கிழமை மத்தியானம், பாதிக்கு மேல் அணைந்திருந்தது. இத்தனை பேரா என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்தது, உடனே தெம்பு போயும் விட்டது, ஏனென்றால் மின்தூக்கி திறந்து யாரோ வெளியே வந்தார்கள், அவள் கையிலிருந்த குடையைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர்களும் குனிந்துதான் போனார்கள். தரையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் இங்கே. வருவார், ரயில் தாமதமாக இருக்கும். ஆபீஸில் பிடித்துவைத்திருப்பார்கள். இல்லை, அத்தை போன் போட்டிருப்பாள், மாத்திரை எங்கே, டீவி வரமாட்டேங்குது, கேஸ் வாசனை வருது. ஒருவேளை அவருக்கே இஷ்டமில்லையோ? இந்த நினைப்பு வந்ததும் போனை மறுபடி எடுத்துப் பார்த்தாள். எனக்குத்தான் இது பெரிசு, அவருக்கு அம்மா கையால் காப்பி கிடைத்தால் போதுமோ. முப்பத்தொன்பது வயதில் ஒருத்தி இப்படி ஆலாய்ப் பறப்பது அசிங்கமோ. அசிங்கம் என்ன அசிங்கம்! சோறு வேண்டும் என்றால் அசிங்கமா, தூக்கம் வேண்டும் என்றால் அசிங்கமா? எழுந்து அறைக்குள் நடந்தாள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சுவரோடு சுவராக ஒரு பலகைக் கதவு இருந்தது. காற்றாவது வரட்டுமே என்று கொக்கியை நிமிண்டி இழுத்தாள், இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. கீழே சந்து, எதிரே சைக்கிள்கள், சைக்கிள்களின் பக்கத்தில் குமரவேல்.

வந்துவிட்டார்! ஒரு நொடி உடம்பெல்லாம் லேசாகிவிட்டது அவளுக்கு. வந்துவிட்டு ஏன் நிற்கிறார்? அப்போதுதான் பக்கத்தில் விசாலம் அக்காவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் யாழினிக்குப் பாடம் எடுக்கிற அதே விசாலம் அக்கா, அத்தைக்குத் தினம் போன் போடுகிற விசாலம் அக்கா, கையில் இரண்டு காய்கறிப் பை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. குமரவேல் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான், கையை நீட்டி எந்தப் பக்கமோ காட்டினான், ஓட்டல் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பவேயில்லை, இப்படி ஒரு கட்டிடமே இந்தச் சந்தில் இல்லை என்கிற மாதிரி. அப்புறம் விசாலம் அக்காவின் இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு அவளோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். போய்விட்டு வருவார், பையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பி வருவார் என்று தேன்மொழி அந்த இரண்டு விரல் சந்தில் கண்ணை வைத்தபடியே நின்றாள். கழுத்து வலித்தது. போன் அதிர்ந்தது. "மாட்டிக்கிட்டேன். ரிஸ்க் வேணாம், நான் வீட்டுக்குப் போறேன். நீ கொஞ்ச நேரம் கழிச்சு கிளம்பிடு. மூஞ்சி தெரியாம."

மூஞ்சி தெரியாம. அவள் இரண்டாவது தடவை படித்தாள். மாட்டிக்கொண்டாராமே, யாரோட, கட்டின பெண்டாட்டியோடா? மூஞ்சி தெரியாம. என் மூஞ்சிக்கு என்ன கேடு? பெண் பார்க்க வந்தபோது இதே மூஞ்சியைத்தானே நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள், விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, அத்தைதான் சொன்னாள், முகத்தை நல்லாக் காட்டும்மா என்று. அன்றைக்குக் காட்டின மூஞ்சி இன்றைக்கு எதற்கு ஒளிய வேண்டும். திருடினேனா, பொய்க் கையெழுத்துப் போட்டேனா, அடுத்தவள் புருஷனையா கூப்பிட்டேன்? விசாலம் அக்கா கேட்டால் கேட்கட்டுமே, எங்கே இந்தப் பக்கம் என்று. அந்தக்காவுக்கும் மூன்று பிள்ளைகள், கோயிலில் வரம் வாங்கியா பெற்றாள்? மூஞ்சி தெரியாம, மூஞ்சி தெரியாம. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, காது மட்டும் கொதித்தது. ஒன்றரை வருஷமாக அவளே அல்லவா இதை ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கிளம்பும்போது அத்தையிடம் கடையில் கூட்டம் என்று பொய், திரும்பும்போது தலைமுடி ஈரம் காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பது, வெவ்வேறு ரயிலில் வருவது. கள்ளத்தனமாக வாங்கினால் கள்ளத்தனமாகத்தானே கிடைக்கும். சகுராய்க்கு வேறு வழியில்லாமல் இருந்திருக்கும், அவள் சிரிப்பாள். எனக்கு ஏன் வழியில்லை? என் வீடு அது. பாதி வாடகை என் கைக்காசு, அந்தக் காகிதக் கதவில் கிழிந்த இடத்தில் பூ வடிவத்தில் ஒட்டுப் போட்டது நான்.

உடனே கிளம்பவில்லை. ஏன் கிளம்ப வேண்டும்? எடுத்த அறை எடுத்ததுதான். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள், அது சின்னக் குளம் மாதிரி இருந்தது, இரண்டு பேருக்குக் கட்டினது, ஒருத்தி தாராளமாகக் கிடக்கலாம். வீட்டில் குளித்தால் வெளியே யாராவது காத்திருப்பார்கள், யாழினி கதவைத் தட்டுவாள், அத்தை கனைப்பாள். இங்கே கழுத்துவரை முங்கிக் கால் கட்டைவிரலை வெளியே நீட்டி ஆட்டிப் பார்த்தாள். வயிற்றில் யாழினியை வெட்டி எடுத்த தழும்பு, தோளில் பை தூக்கின அச்சு, கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். இந்த உடம்பு என்னத்துக்கு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது. உழைக்க, பெற, தூக்க, அவ்வளவுதானா? எனக்கு ஆசை இருக்கிறது, ஆமாம் இருக்கிறது, இப்போது என்ன அதற்கு! இதைச் சத்தமாகவே சொன்னாள், தமிழில், குளியலறை ஓடுகளில் பட்டு எதிரொலித்தது. சிரிப்பு வந்தது. வெளியே வந்து நிதானமாகத் துவட்டி, புடவைக்கு மாற்றாகப் போட்டிருந்த பேண்ட் சட்டையை மாட்டி, தாலியை எடுத்துச் சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டாள். முடியை ஈரத்தோடு அப்படியே விட்டாள்.

பணத்தை அறைக்குள்ளேயே இருந்த கட்டண இயந்திரத்தில் செருகிவிட்டுக் கதவைத் தள்ளினால் கதவு அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். ஒருகணம் பயம் பிடித்துக்கொண்டது, அடைத்துப் போட்டுவிட்டார்களா, போலீஸா, ஊருக்குத் தகவலா. கதவோரம் மாட்டின போன் ஒலித்தது. எடுத்தால் அந்தச் சந்துக்குப் பின்னால் இருக்கிற கிழவியின் குரல், அந்தக் கைக்கு ஏற்ற குரல்தான். கூட வருகிறவர் எங்கே என்று கேட்டது. வரவில்லை என்றாள். நான் தனியாகப் போகிறேன். இரண்டு பேருக்கு எடுத்த அறையிலிருந்து ஒருத்தர் மட்டும் கிளம்பினால் இவர்கள் விசாரிக்காமல் விடமாட்டார்கள் என்று சகுராய் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது, யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கக் கூடாதே என்று. அப்புறம் கிழவி, "தாய்ஜோபு தெசு கா" என்றாள், ஒன்றும் பிரச்சினை இல்லையே, நன்றாக இருக்கிறீர்களா. ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை, கடையில் தினம் சொல்கிற வார்த்தை. நன்றாக இல்லை, ஆனால் நன்றாக ஆகப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு இலக்கணம் போதவில்லை. "தாய்ஜோபு" என்றாள். கதவு திறந்தது.

பின்பக்கம் ஒரு வழி இருந்தது, கார் நிறுத்துகிற இடத்துக்குப் போகிற வழி, திரைபோட்டு மறைத்தது. அவள் முன்வாசல் வழியாகவே போனாள். பையிலிருந்த முகக்கவசத்தை எடுக்கவில்லை. சந்தில் ஒருத்தன் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான், இவளும் அவனைப் பார்த்தாள், அவன்தான் தலையைத் திருப்பிக்கொண்டான். ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வசனம் மாறியது. அத்தையின் கையைப் பிடித்து நயமாகச் சொல்வது. யாழினிக்குப் பரீட்சை, தனி இடம் வேண்டும் என்று பூசி மெழுகுவது. குமரவேலை உலுக்குவது. விட்டுவிடுவது, ஆமாம், அதுவும் ஒரு வழிதான், எத்தனை பேர் விடவில்லை, நாற்பதுக்குள் எல்லாவற்றையும் மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டுப் பூஜை அறைக்குள் புகுந்துகொண்ட எத்தனை பேரை அவளுக்குத் தெரியும். அந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. மாட்டேன் என்றாள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண் நகர்ந்து நின்றாள்.

வீட்டில் அத்தை ஹாலில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். சோபாவில் குமரவேல், நெற்றியில் தைலம் பளபளக்க, கையில் காப்பி. "தலைவலின்னு பாதியிலேயே வந்துட்டான் புள்ள. நீ எங்க போயிட்ட இவ்வளவு நேரம்?" என்றாள் அத்தை. கடையில் கூட்டம் என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. "இவருக்காகக் காத்துக்கிட்டிருந்தேன் அத்தை. வெளிய ஒரு ரூம் எடுத்து" என்றாள் தேன்மொழி. குமரவேலுக்குக் காப்பி புரையேறியது, டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டான். அத்தை நாரைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள். "ரூமா? வீடு இருக்கயில ரூம் என்னத்துக்கு?" "வீட்ல எங்களுக்கு இடமில்லையே, அதுக்குத்தான்." சொல்லிவிட்டாள்! கால் தானாகப் பாய் அறைக்குள் போயிற்று. அலமாரியைத் திறந்து தன் மெத்தையைப் பிடித்து இழுத்தாள். தலையணை விழுந்தது, அத்தையின் போர்வையும் கூட விழுந்தது, அதை மட்டும் எடுத்து மடித்து வைத்துவிட்டு மெத்தையைத் தரதரவென்று ஹாலுக்கு இழுத்துவந்தாள். அதற்குள் அத்தை எழுந்துபோய்ச் சின்ன அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி. "என்னடி பண்ற பட்டப்பகல்ல?" "என் படுக்கையை அவர்கிட்டக் கொண்டுபோறேன் அத்தை." "பொண்ணு வந்து பாத்தா என்ன நெனைப்பா?" "அம்மாவும் அப்பாவும் ஒண்ணா இருக்காங்கன்னு நெனைப்பா." அத்தையின் முகம் கறுத்துவிட்டது. "கொமரா, கேட்டியாடா இவ பேச்சை? நிக்கிறியே, கேளுடா!"

குமரவேல் நின்றுகொண்டுதான் இருந்தான். தேன்மொழி அவனைப் பார்த்தாள், இந்தத் தடவை ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா சொல்றதும் சரிதானே என்று இப்போது இவர் வாயைத் திறந்தால் நான் இந்த மெத்தையை இங்கேயே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன், எங்கே போவேன் என்று தெரியாது, ஆனால் போவேன். ஈரமுடி முதுகில் ஒட்டியது. குமரவேல் அவள் முடியைப் பார்த்தான், சட்டைக்கு வெளியே கிடந்த தாலியைப் பார்த்தான், ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். காப்பி டம்ளரைத் தரையில் வைத்தான். வந்து குனிந்து மெத்தையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான். "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றான். குரல் உடைந்துதான் வந்தது, இருந்தாலும் வந்தது. அத்தை மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு ஒவ்வொரு கையாக எடுத்துக்கொண்டு விலகினாள். மெத்தை வாசலில் இடித்து, மடங்கி, உள்ளே போயிற்று. "அத்தை, யாழினி வர்றதுக்கு இன்னும் நேரமாகும், பீன்ஸை நறுக்கி வைங்க, நான் வந்து தாளிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டப்பகலில், தேன்மொழி கதவை இழுத்துச் சாத்தினாள்.